‘காம்பனின் ஊமை’ வரைந்த பனிக்காலம்!

நெதர்லாந்தின் ஸ்வோல்லெ நகரத்திலிருந்து கிளம்பும் குட்டி ரயில், பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் காம்பன் ஸ்டேஷனில் போய் நின்றுவிடும். தண்டவாளம் அங்கேயே முடிகிறது. இறங்கி வெளியே வந்தால் ஊரைக் காணோம். எதிரே ஐசெல் நதிதான் ஓடுகிறது. ஊர் அக்கரையில் இருக்கிறது. கோபுரங்கள், பழைய கோட்டை வாசல், நதியோரமாக நெருக்கியடித்து நிற்கும் செங்கல் வீடுகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நடுவில் ஒரு தூக்குப் பாலம். பாலத்தைத் தூக்கும் பெரிய சக்கரங்களுக்குத் தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். வெயில் பட்டால் கண் கூசும்.

(கம்பன் இல்லை, காம்பன். கம்பராமாயணத்துக்கும் இந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!)

நெதர்லாந்து என்றாலே ஆம்ஸ்டர்டாம் கால்வாய், துலிப் தோட்டம், காற்றாலை என்று சுற்றிவிட்டுத் திரும்பும் பயணிகள் இந்த ஊர்ப் பக்கம் அதிகம் வருவதில்லை. ஒரு காலத்தில் கதையே வேறு. வட ஐரோப்பாவின் வணிக நகரங்கள் சேர்ந்து நடத்திய ஹன்சா கூட்டமைப்பில் காம்பன் பெரிய புள்ளி. பால்டிக் கடல் வரை இந்த ஊர்க் கப்பல்கள் போய் வந்தன. பிறகு நதியின் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து மேடானது. கப்பல்கள் ஆம்ஸ்டர்டாம் பக்கம் போய்விட்டன. பணம் போனாலும் கட்டடங்கள் தப்பித்தன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆளில்லாததால், 14-ம் நூற்றாண்டுக் கோட்டை வாசல் இன்றும் நதியைப் பார்த்தபடி நிற்கிறது.

அந்த ஊர்த் தெருக்களில் 400 வருடங்களுக்கு முன் ஓர் ஓவியர் நடமாடினார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்களைவிட, ‘ஊமை’ என்று அழைத்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள்போல. பத்திரங்களில், ஏலக் கணக்குகளில்கூட அந்தப் பட்டப்பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய நிஜப் பெயர் ஹெண்ட்ரிக் அவர்காம்ப். உறைந்த நதிமேல் ஊரே சறுக்கி விளையாடும் அந்தப் பனிக்கால ஓவியங்களைக் காலண்டரிலோ வாழ்த்து அட்டையிலோ நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அந்த வகை ஓவியத்தை நெதர்லாந்தில் ஒரு தனித் துறையாகவே ஆக்கியவர்களில் முதன்மையானவர் இவர்.

மருந்துக்கடைக்காரரின் மூத்த பிள்ளை

ஹெண்ட்ரிக் பிறந்தது ஆம்ஸ்டர்டாமில். 1585 ஜனவரி 27 அன்று அங்குள்ள பழைய தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா பேரண்ட், மருந்து தயாரித்து விற்பவர். அம்மா பெயர் பியாட்ரிக்ஸ். பிள்ளைக்கு ஒரு வயதானபோது அப்பாவுக்கு காம்பன் நகரத்தின் மருந்தாளர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்து மருந்துக்கடையை இன்றைய மெடிக்கல் ஷாப்போடு ஒப்பிட முடியாது. நம்மூர் நாட்டு மருந்துக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வேர், பட்டை, கற்பூரம், மசாலாப் பொருட்கள் எல்லாம் கிடைக்கும். கூடவே, ஓவியர்கள் அரைத்துக் குழைக்கும் வண்ணப் பொடிகளும் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கடைகளில்தான் விற்றன. வண்ணம் என்பது பொட்டலத்தில் வரும் பொருள் என்று சின்ன வயதிலேயே அறிந்து வளர்ந்த பையன் ஹெண்ட்ரிக்.

அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் காலத்து ஆவணங்கள் ‘பேசாதவர்’ என்று மட்டும்தான் சொல்கின்றன. பிறவியிலேயே காதும் கேட்காமல் இருந்திருக்கும், பேச்சு வராததற்கு அதுவே காரணம் என்பது கலை வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலானோரின் கருத்து.

16-ம் நூற்றாண்டின் கடைசியில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் என்ன வழி? காது கேளாத குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரவே முடியாது என்ற நம்பிக்கை கிரேக்கர் காலத்திலிருந்து ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. ஸ்பெயினில் ஒரு துறவி, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் எழுதவும் பேசவும் அதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். காது கேளாதோருக்கு எப்படிக் கற்பிப்பது என்று அச்சில் முதல் புத்தகம் வந்ததே 1620-ல்தான், அதுவும் ஸ்பெயினில். நெதர்லாந்தில் அவர்களுக்கென முதல் பள்ளி க்ரோனிங்கன் நகரத்தில் தொடங்கப்பட்டது 1790-ல். அதற்குள் ஹெண்ட்ரிக் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

ஆக, பள்ளி கிடையாது, புத்தகமும் கிடையாது. வீட்டில் அம்மா இருந்தார். படித்த குடும்பத்திலிருந்து வந்த பியாட்ரிக்ஸ்தான் மகனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததாக நம்பப்படுகிறது. தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த பையனாக அவர் வளர்ந்தார். இந்த ‘பெயர் எழுதும்’ விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1602-ல் காம்பனில் பிளேக் பரவியபோது அப்பா இறந்துபோனார். அப்போது ஹெண்ட்ரிக்குக்கு 17 வயது.

ஏலத்துக்கு வந்த ‘ஊமை’

பையனுக்கு ஓவியம் வரும் என்று தெரிந்ததும், ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பிவைத்தார்கள். பீட்டர் ஐசக்ஸ் என்ற ஓவியரின் வீட்டில் தங்கிப் பழகினார். டென்மார்க்கில் பிறந்த ஐசக்ஸ், மனிதர்களின் உருவப்படங்களும் வரலாற்றுக் காட்சிகளும் வரைபவர்.

ஆனால், ஹெண்ட்ரிக்கின் மனம் வேறு பக்கம் போனது. அவர் பிறந்த அதே 1585-ல்தான் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் வடக்கே தப்பி வந்தார்கள். வந்தவர்களில் ஓவியர்களும் உண்டு. மரமும் காடும் கிராமத் திருவிழாவும் வரைந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கெல்லாம் ஆசான், அதற்கு முந்தைய தலைமுறையின் பீட்டர் புரூகெல். பனிமூடிய ஊர், அதில் எறும்புபோல மனிதர்கள், மேலிருந்து பறவை பார்ப்பதுபோன்ற கோணம் என எல்லாவற்றுக்கும் விதை போட்டவர் அவர்தான். ஹெண்ட்ரிக் அதைப் பிடித்துக்கொண்டார்.

அப்படித் தப்பி வந்த ஓவியர்களில் ஒருவர் கில்லிஸ் வான் கோனின்க்ஸ்லோ. 1607-ல் அவர் இறந்ததும் அவருடைய உடைமைகளை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். யார் யார் என்ன வாங்கினார்கள் என்று குமாஸ்தா எழுதிவைத்த பட்டியலில், ‘பீட்டர் ஐசக்ஸ் வீட்டில் இருக்கும் ஊமை’ என்று ஒரு வரி வருகிறது. அது ஹெண்ட்ரிக்தான். அப்போது வயது 22. சொந்தக் காசில் பொருள் வாங்குகிறார். ஆனாலும் பட்டியலில் அவருக்குப் பெயர் இல்லை. யார் வீட்டில் இருக்கிறார், என்ன குறை என்பது மட்டும் போதும் என்று அந்தக் குமாஸ்தாவுக்குத் தோன்றியிருக்கிறது.

டச்சு மொழியில் அங்கே வரும் சொல் ‘ஸ்டொம்’. அந்தக் காலத்தில் அதற்கு வாய் பேசாதவர் என்று பொருள். இன்றைக்கு நெதர்லாந்தில் ஒருவரைப் பார்த்து ‘ஸ்டொம்’ என்றால் ‘முட்டாள்’ என்று அர்த்தம். பேசாதவருக்கு அறிவும் இருக்காது என்று ஒரு சமூகம் நினைத்ததை அந்தச் சொல் அப்படியே சேமித்து வைத்திருக்கிறது. நாம் மட்டும் என்ன? ‘ஊமைக் குசும்பு’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தானே!

ஊரே நதிமேல் நிற்கிறது

அந்த ஏலத்துக்குச் சற்றுப் பின், 1608-ஐ ஒட்டி, ஹெண்ட்ரிக் வரைந்த பனிக்கால ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. மரப்பலகைமேல் எண்ணெய் வண்ணம். சுமார் 77 செ.மீ. உயரம், 132 செ.மீ. அகலம். ஒரு பெரிய டி.வி அளவுதான். ரெம்ப்ராண்ட்டின் பிரமாண்டமான படத்தைப் பார்க்க முண்டியடிக்கும் கூட்டம், இதை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அவசரப்படாமல் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

நேரில் போக முடியாதவர்களுக்கும் வழியிருக்கிறது. மியூசியத்தின் இணையதளத்தில் இந்த ஓவியம் மிகத் துல்லியமான படமாக, இலவசமாகவே கிடைக்கிறது. மொபைலில் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். சொல்லப்போனால், இந்த ஓவியத்துக்கு மொபைல் திரைதான் சரியான கருவி. அவ்வளவு பொடிப்பொடியான விவரங்கள்!

நதியும் கரையும் எது எங்கே என்று தெரியாமல் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரே பரப்பு. தூரம் போகப்போக மனிதர்கள் மங்கி, பனிமூட்டத்தில் கரைந்துவிடுகிறார்கள். முன்னால் இருப்பவர்கள் மட்டும் சிவப்பு, கறுப்பு, நீலம் என்று பளிச்சென்று நிற்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். விசிறியைப்போல விரிந்த கழுத்துப்பட்டை அணிந்த சீமான்களும் சீமாட்டிகளும் ஒரு பக்கம். கோணி சுமந்து போகிறவர்கள் ஒரு பக்கம். கையில் மட்டையோடு பந்தடிப்பவர்களும் உண்டு. ‘கொல்ஃப்’ என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். இன்றைய கோல்ஃப் ஆட்டத்தின் மூத்த உறவு என்று இதைச் சொல்வார்கள். ஒருவர் குனிந்து காலில் சறுக்குக் கட்டையை மாட்டுகிறார். இன்னொருவர் தடாலென்று விழுந்துகிடக்கிறார்.

இடப்பக்கம் பெரிய கட்டடம் ஒன்று. அதில் ஆன்ட்வெர்ப் நகரத்தின் சின்னம் இருக்கிறது. அகதிகளாக வந்த ஓவியர்களிடமிருந்து கற்ற ஒருவர், அவர்களின் ஊர் முத்திரையைத் தன் படத்தில் வைத்திருக்கிறார். அதன் பக்கத்தில் பனிக்கட்டியை உடைத்து ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுக்கும் இடம். பீர் காய்ச்ச அந்தத் தண்ணீர்தான் போகிறது.

இடது கீழ் மூலைக்கு வாருங்கள். ஒரு பழைய கதவைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். கீழே இரை தேடிக் குருவிகள் வருகின்றன. குச்சியில் கயிறு. இழுத்தால் கதவு விழும், குருவி சாப்பாட்டுக்கு ஆகும். புரூகெல் 1565-ல் வரைந்த பனிக்கால ஓவியம் ஒன்றிலும் இதே பொறி உண்டு. அந்த ஓவியத்துக்கு ஹெண்ட்ரிக் வைக்கும் வணக்கம் இது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே செத்த விலங்கு ஒன்றின் உடலை நாயும் காகமும் கொத்திப் பிடுங்குகின்றன. சற்றே தள்ளித்தான் மக்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். குளிர் எல்லோருக்கும் கொண்டாட்டம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் பெரிதாக்கினால், குடும்பப் பத்திரிகையில் எழுதத் தயங்கும் ஒன்றிரண்டு காட்சிகளும் கண்ணில் படும். ஆடையை உயர்த்தி ஒதுங்கியிருப்பவர், வைக்கோல் மறைவில் ஒரு ஜோடி... குழந்தைகளோடு பார்க்கும் பெற்றோர் சற்றே உஷாராக இருப்பது நல்லது!

ஏன் இவ்வளவு பனி? 16-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஐரோப்பாவில் குளிர் கடுமையாகிக்கொண்டே வந்தது. ‘சிறு பனியுகம்’ என்று வானிலை வரலாற்றாளர்கள் இந்தக் காலத்தைக் குறிப்பிடுகிறார்கள். 1607-08 குளிர்காலம் அதிலும் கொடுமை. லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடை போட்டுச் சந்தையே நடத்தினார்கள். ரைக்ஸ் மியூசியத்தின் ஓவியம் இந்தக் குளிரை ஒட்டிய காலத்தில் பிறந்ததுதான். வேலை நின்றுவிடும், கப்பல் வராது, விறகு விலை ஏறும். ஆனாலும் நதி உறைந்துவிட்டால் பணக்காரரும் பிச்சைக்காரரும் ஒரே தரையில்தான் நின்றாக வேண்டும். கால் வழுக்கினால் இருவருக்கும் ஒரே அடிதான்.

காது கேட்காததால்தான் கண் இவ்வளவு கூர்மையாக வேலை செய்தது என்று இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் சொல்லிவிடுகிறார்கள். கேட்க அழகான வாக்கியம். ஆனால், நன்றாகக் காது கேட்ட புரூகெலும் இதேபோலக் கூட்டம் கூட்டமாக வரைந்திருக்கிறாரே! ஹெண்ட்ரிக்கின் கண், பல வருடப் பயிற்சியில் வந்தது. குறையைக் காட்டித் திறமையை விளக்கிவிடுவது, அந்த ஏலக் குமாஸ்தா செய்ததைவிடப் பெரிதாக வித்தியாசமானதில்லை.

ஒன்று மட்டும் உண்மை. இவர் படங்களில் முகங்கள் மிகச் சிறியவை. யார் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதை உடம்பு நிற்கும் விதம்தான் சொல்கிறது. கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பவருக்குக் குளிர்கிறது. முன்னால் சாய்ந்து இரண்டு கைகளையும் விரித்தவர் புதிதாகப் பழகுகிறார். பின்னால் கை கட்டி நிதானமாக வருபவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. முகத்தைப் பார்க்காமலே நமக்குப் புரிந்துவிடுகிறது.

திரும்பி வந்த ஊர்

ஆம்ஸ்டர்டாமில் சந்தை பெரிது, வாங்குகிறவர்களும் அதிகம். ஆனாலும் 1613-14 வாக்கில் ஹெண்ட்ரிக் காம்பனுக்கே திரும்பிவிட்டார். அம்மா இருந்த ஊர் அது. அவரோடு கைஜாடையில் பேசிப் பழகியவர்கள் இருந்த ஊரும் அதுதான்.

அவர் திரும்பிவந்த காலத்தில் ஊரின் மேற்குப் பக்கக் கோட்டை வாசல்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றான செல்லப்ரூடர்ஸ் வாசல், 1617-ல் பெற்ற அலங்காரத்தோடு இன்றும் நிற்கிறது. இரண்டு பக்கமும் கூம்புத் தொப்பி போட்ட கோபுரங்கள், சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல் பட்டைகள். அதன் வழியாக நுழைந்து நேரே நடந்தால், பத்து நிமிடங்களில் ஊரின் குறுக்கே போய் நதியைத் தொட்டுவிடலாம். ஹெண்ட்ரிக் கையில் காகிதத்தோடு நடந்த ஊர் இவ்வளவுதான்.

காகிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் ஓவியங்கள் மட்டும் வரையவில்லை. மீனவர்கள், பால்காரப் பெண்கள், சறுக்குபவர்கள் என்று மனிதர்களை நேரில் பார்த்துக் கோட்டோவியங்களாகக் குறித்துக்கொண்டே இருந்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து ஆட்களை எடுத்து வேறு வேறு ஓவியங்களில் நிறுத்துவார். ஒரே ஆள் இரண்டு மூன்று படங்களில் தலைகாட்டுவதும் உண்டு. சிலவற்றுக்கு நீர்வண்ணம் தீட்டி அப்படியே விற்றார். வாங்கியவர்கள் ஆல்பத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார்கள். இன்று இவருடைய கோட்டோவியங்களின் பெரிய தொகுப்பு ஒன்று இங்கிலாந்து அரச குடும்பத்திடம், வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

அவருக்கு ஒரு மாணவரும் இருந்தார். தம்பி மகன் என்ற முறையில் வரும் பேரண்ட் அவர்காம்ப், 1612-ல் காம்பனில் பிறந்தவர். பெரியப்பாவிடம்தான் தொழில் கற்றார். வாய் திறக்காமலேயே ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் ஹெண்ட்ரிக். சீடரும் அதே பனிக்காலக் காட்சிகளைத்தான் வரைந்தார். யாருடையது எது என்று நிபுணர்களே குழம்பும் அளவுக்குப் பாடம் பலித்திருக்கிறது.

‘எனக்கப்புறம் இவனை யார் பார்த்துக்குவா?’

மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாயைக் கேட்டாலும், கடைசியில் வந்து நிற்கும் கவலை இந்த ஒற்றை வரிதான். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இதைக் கேட்கலாம். 1633-ல் காம்பனிலும் ஒரு தாய் இதே கவலையில் இருந்தார்.

பியாட்ரிக்ஸுக்கு வயதாகிவிட்டது. உயில் எழுதுகிறார். பிள்ளைகள் பலர். மூத்தவர் ஹெண்ட்ரிக்குக்கு 48 வயது. கல்யாணம் ஆகவில்லை. அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பங்கு போக, குடும்பச் சொத்திலிருந்து ஆயுள் முழுக்க வருடம் 100 கில்டர் தர வேண்டும் என்று அம்மா எழுதுகிறார். கில்டர் என்பது அந்நாட்டின் அப்போதைய நாணயம். ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் கணிசமான பங்கு அந்தத் தொகை. எதற்காக அந்த ஏற்பாடு? மகன் பேச்சற்றவன், பரிதாபத்துக்குரியவன் என்பதுதான் உயில் சொல்லும் காரணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டியிருக்கிறது. அப்போது ஹெண்ட்ரிக்கின் ஓவியங்கள் விலை போய்க்கொண்டிருந்தன. காம்பனைத் தாண்டியும் பெயர் பரவியிருந்தது. கால் நூற்றாண்டாக உழைத்துச் சம்பாதிக்கும் மனிதர் அவர். பெற்ற தாயே அவரைப் ‘பரிதாபத்துக்குரியவன்’ என்கிறாரே என்று முதலில் சுருக்கென்றுதான் இருக்கிறது.

ஆனால், உயில் என்பது நீதிமன்றமும் சொந்தபந்தமும் படிக்கும் காகிதம். ஒரு பிள்ளைக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அவர்களின் வாயை அடைக்க, அந்தத் தாயின் கையில் இருந்த வலுவான வார்த்தை அதுதான். படம் விற்காத வருடம் வந்தால்? கண் மங்கிவிட்டால்? பேரம் பேச வருபவன் ஏமாற்றிவிட்டால்? கடையில், ஆலயத்தில், அலுவலகத்தில் எல்லாம் மகனுக்கு இத்தனை நாள் வாயாக இருந்தது யார் என்று அவருக்கல்லவா தெரியும்! சலுகை கிடைக்க வேண்டுமென்றால் ‘இயலாதவர்’ என்று சான்று காட்ட வேண்டிய நிலை இன்றைக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இருக்கிறது. சாதித்த பிள்ளையைக்கூட, அந்த ஒரு காகிதத்துக்காகக் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயிலின் ஏற்பாடு நெடுநாள் தேவைப்படவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் அம்மா காலமானார். சில மாதங்களிலேயே மகனும் போய்விட்டார். 1634 மே 15 அன்று காம்பனின் செயின்ட் நிக்கோலாஸ் தேவாலயத்தில் ஹெண்ட்ரிக்கை அடக்கம் செய்தார்கள். நதிக்கரையில், பழைய கோட்டை வாசலை ஒட்டி இன்றும் அந்தத் தேவாலயம் இருக்கிறது. உள்ளூரில் ‘போவன்கெர்க்’ என்று விசாரிக்க வேண்டும். ஏறத்தாழ 70 மீட்டர் கோபுரம் என்பதால் வழி தவற வாய்ப்பே இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஸ்வோல்லெ வரை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அங்கே குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். ஊருக்குள் வாகனம் தேவையில்லை, எல்லாமே நடக்கும் தூரம்தான். ‘காம்பன் தெற்கு’ என்று இன்னொரு புதிய ஸ்டேஷன் உண்டு; அது ஊருக்கு வெளியே இருக்கிறது. நதியைத் தாண்டி ஊருக்குள் நுழையும் அந்த அழகு வேண்டுமென்றால், பழைய ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும்.

பழைய நகரமன்றக் கட்டடத்தில் இப்போது ஊரின் அருங்காட்சியகம் இயங்குகிறது. 1543 தீ விபத்துக்குப் பின் சீரமைக்கப்பட்ட கட்டடம். உள்ளே நீதி விசாரணை நடந்த மர வேலைப்பாட்டு மண்டபம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே ஒருமுறை போகலாம்.

கோடையில் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ‘புதிய கோபுரம்’ எனப்படும் மணிக்கூண்டின் உச்சியிலிருந்து ஒரு பொம்மைப் பசு தொங்கும். கோபுரத்தின் மேல் புல் முளைத்துவிட்டதாம். அதை மேய ஒரு பசுவைக் கழுத்தில் கயிறு கட்டி மேலே இழுத்தார்களாம். பாதி வழியில் பசுவின் நாக்கு வெளியே தள்ள, ‘பாருங்கள், இப்போதே நாக்கைச் சப்புக்கொட்டுகிறது!’ என்று கீழே நின்றவர்கள் குதூகலித்தார்களாம். பரமார்த்த குருவின் சீடர்கள் காம்பனிலும் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரிக்கலாம். அண்டை ஊர்க்காரர்கள் கிண்டலுக்குச் சொன்ன கதையை, இந்த ஊர்க்காரர்கள் கோபப்படாமல் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

பனியில் சறுக்கலாம் என்ற ஆசையில் மட்டும் போக வேண்டாம். நெதர்லாந்தில் நதியும் கால்வாயும் கெட்டியாக உறைவது அபூர்வமாகிவிட்டது. ஹெண்ட்ரிக்கின் அப்பாவுக்குப் பூர்விகமான ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், 11 நகரங்களைத் தொட்டு சுமார் 200 கி.மீ. சறுக்கும் பந்தயம் உண்டு. வழி முழுக்கப் பனி தடிமனாக உறைந்தால்தான் நடக்கும். கடைசியாக நடந்தது 1997 ஜனவரியில். அதற்குப் பின் பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆனவர்களுக்குக்கூட அது கேள்விப்பட்ட கதைதான். 2009-ல் ரைக்ஸ் மியூசியம் ஹெண்ட்ரிக்குக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது அதற்குச் சூட்டிய தலைப்பும் ‘சிறு பனியுகம்’ என்பதுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. நெதர்லாந்தின் சைகை மொழிக்கு அந்நாட்டுச் சட்டத்தில் அதிகாரபூர்வ அங்கீகாரம் 2021-ல் நடைமுறைக்கு வந்தது. ஹெண்ட்ரிக் இறந்து 387 ஆண்டுகளுக்குப் பிறகு!

காம்பனைப் பார்த்துவிட்டு ஆம்ஸ்டர்டாம் திரும்புகிறவர்கள், ரைக்ஸ் மியூசியத்தில் அந்தப் பனிக்கால ஓவியத்தின் முன் இன்னொரு முறை நிற்கலாம். அதில் ஒரு மரக் கொட்டகை இருக்கிறது. பள்ளிப் பையன்கள் சுவரில் கிறுக்குவதுபோல அந்தக் கொட்டகையின் பலகையில் சில எழுத்துகள் தெரியும். மொபைலில் பார்ப்பவர்கள் நன்றாகவே பெரிதாக்க வேண்டியிருக்கும். ஏலக் குமாஸ்தா ‘பீட்டர் ஐசக்ஸ் வீட்டு ஊமை’ என்று எழுதிச் சில மாதங்களோ ஒரு வருடமோதான் ஆகியிருக்கும். பலகையில் அவர் எழுதியிருப்பது ‘ஹென்ரிகஸ் அவ்’. ஹெண்ட்ரிக்கின் லத்தீன் வடிவமும், குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளும்.